வெறும் வலி

"வலிக்கு ஆள் இருக்கா?" என்று நர்ஸ் கேட்டதுதான் தாமதம், தாழ்வாரம் காலியாகிவிட்டது.

அதுவரை முனீஸ்வரிக்குச் சொந்தம் என்று ஒரு பட்டாளமே அங்கே நின்றுகொண்டிருந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த சித்தப்பாவுக்குத் திடீரென்று பஸ் நேரம் நினைவுக்கு வந்தது. பெரியம்மா மகனுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு அத்தை பாத்ரூமுக்குப் போனவள் போனவள்தான். முன்பெல்லாம் ரத்தத்துக்கு ஆள் கேட்டாலே இப்படித்தான் ஓடுவார்கள். ரத்தமாவது ஒரு பாட்டிலோடு முடிந்துவிடும், கையில் பிஸ்கட்டும் டீயும் கொடுத்து அனுப்புவார்கள். இது தினமும் கொடுக்க வேண்டியது. சொத்தில் பங்கு கேட்டுக் கோர்ட்டு ஏறுகிற பங்காளிகள்கூட வலியில் பங்கு வேண்டாம் என்று பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

சீனியம்மாள் மட்டும் நின்றாள். வீரம் ஒன்றும் இல்லை. கோவில்பட்டியிலிருந்து பஸ் மாறி வந்த அலுப்பில் நர்ஸ் கேட்டது அவள் மண்டைக்குள் இன்னும் இறங்கவில்லை.

"நீங்க யாரும்மா அவங்களுக்கு?"

"நாத்தனார். அவ புருசன் என் கூடப்பொறந்த தம்பி."

"வாங்க உள்ளே."

தீக்காய வார்டில் டெட்டால் வாடைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. அது என்ன என்று யோசிக்க வேண்டாம் என்று சீனியம்மாள் முடிவு செய்துகொண்டாள். கடைசிக் கட்டிலில் முனீஸ்வரி கிடந்தாள். கையும் மார்பும் கழுத்தும் கட்டுத்துணி. முகம் வீங்கிக் கண்கள் மூடியிருந்தன. புகை உள்ளே போய்த் தொண்டை வெந்துவிட்டதால் வாயில் குழாய் சொருகி, ஒரு இயந்திரம் அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வயதுப் பெண். கோயில் கொடைக்குக் கொடை கோவில்பட்டிக்கு வந்து, "மதினி, எனக்கு ஓரத்து மிட்டாய்தான் வேணும், அதுலதான் பாகு ஜாஸ்தி" என்று கேட்டு வாங்கித் தின்கிறவள்.

டாக்டர் நசீமா சின்ன வயசுக்காரி, கண்ணுக்குக் கீழே கருவளையம். சீனியம்மாளைக் கட்டிலை ஒட்டிக் கிடந்த ஒரு நீளப் பெஞ்சில் உட்காரவைத்து, துணிப்பட்டை போல ஒன்றைக் காட்டினாள். அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமாக இருந்தது. வார்டில் எல்லோரும் பங்குப்பட்டை என்றார்கள், அந்தப் பெஞ்சை வலிப் பெஞ்சு என்றார்கள். பெஞ்சில் மற்ற நோயாளிகளுக்காக ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் பெண்கள்.

"மருந்து குடுத்துக்கிட்டுத்தாம்மா இருக்கோம். ஆனா தினமும் கட்டைப் பிரிச்சு, புண்ணைக் கழுவி, புதுக்கட்டுப் போடணும். அந்த நேரத்து வலிக்கு மருந்து பத்தாது. பத்துற அளவுக்குக் குடுத்தா இவங்க ரத்த அழுத்தம் தாங்காது. வலியைத் தாங்க விட்டாலும் உடம்பு தோத்துடும். அதனால ஒரு பங்கை இந்தப் பட்டை உங்க பக்கம் திருப்பிடும். உங்க மேல ஒரு கொப்புளம்கூட வராது. ஆனா வலிக்கும்."

"எம்புட்டு வலிக்கும்?"

"நான் ஒரு தடவை போட்டுப் பாத்தேன். ரெண்டாவது தடவை போடல."

"என் தம்பி போடக்கூடாதா? அவன் வாசல்லதான் கெடக்கான்."

"கேட்டார். அடுப்பு வெடிச்ச கேஸ்ல விசாரணை முடியிற வரைக்கும் புருஷனுக்கு மாட்டக் கூடாதும்மா. விதி அப்படி."

அடுப்பு வெடித்த கேஸ். டாக்டர் அதை எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் அர்த்தம் ஒன்றுதான். இந்த நாட்டில் மருமகள்கள் நிற்கும்போது மட்டும் வெடிக்கிற அடுப்புகளைப் பற்றித் தெரியாதவர் யார்? ஆம்புலன்ஸில் ஏற்றும்போது முனீஸ்வரி வாயால் சொன்னது "அடுப்பு வெடிச்சிருச்சு" என்ற இரண்டு வார்த்தைதான். அதன் பிறகு குழாய் போட்டுவிட்டார்கள்.

சீனியம்மாள் பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டாள். கடலைமிட்டாய்க் கம்பெனியில் இருபது வருசமாகக் கொதிக்கிற பாகைத் தண்ணீர் தொட்ட கையால் உருட்டுகிறவள். சூட்டைப் பற்றித் தனக்குக் கொஞ்சம் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

நர்ஸ் கட்டின் முதல் சுற்றைப் பிரித்தாள். தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது சீனியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் கத்தினாள். கத்தியது தான்தான் என்பது பக்கத்தில் இருந்தவள் வாயில் துணியைக் கொடுத்தபோதுதான் உறைத்தது. தன் கையைப் பார்த்தாள். கை முழுசாக, கண்ணாடி வளையலோடு, மடியில் கிடந்தது. அந்தக் கையிலிருந்துதான் யாரோ தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள். இதில் பாதிதான் தன்னுடையது, மீதியை வாய் திறக்க முடியாத ஒருத்தி தாங்கிக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு வந்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

ஒரு வழியாகக் கட்டுப் போட்டு முடிந்தது. வலி சட்டென்று நிற்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும், அதனால் பட்டையை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருங்கள் என்றாள் டாக்டர். சீனியம்மாள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

அப்போதுதான் பயம் வந்தது.

காரணமே இல்லாமல் வந்தது. வயிற்றைப் பிடித்து யாரோ கிணற்றுக்குள் இறக்குவது மாதிரி, உள்ளங்கால் வரை சில்லிட்டது. ஓடு, ஓடு என்று உடம்பு சொன்னது, ஆனால் கால் அசையவில்லை. திரும்பிப் பார்த்தாள். வார்டு வாசலில் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு தம்பி குருசாமி நின்றிருந்தான். விரல்களில் கட்டு, மனைவியைச் சாக்கைப் போட்டு அணைத்தபோது பட்ட காயம் என்று சொன்னான். உள்ளே வரலாமா என்று தெரியாமல், சட்டைப்பையில் இருந்த தீப்பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தான். மனசு சரியில்லாதபோது சின்ன வயசிலிருந்தே அவன் செய்கிற வேலை.

"எப்படி இருக்காக்கா?" என்றான்.

நர்ஸ் அவனை வெளியே நிற்கச் சொன்னாள். அவன் போன பிறகுதான் பயம் மெல்ல மெல்ல வடிந்தது.

"டாக்டர், வலி மட்டுந்தானே வரும்னு சொன்னீக?" என்று கேட்டாள்.

"பயமும் வந்துச்சா?" டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மூளையில வலியும் பயமும் ஒரே சுவரை வச்சுக் கட்டின ரெண்டு வீடு மாதிரிம்மா. இந்த வீட்டுக்கு வழி போட்டா அந்த வீட்டுச் சத்தமும் கொஞ்சம் கேக்கத்தான் செய்யும். கண்டுக்காதீங்க."

"என்ன சத்தம்னு தெரியுமா?"

"சத்தம் மட்டுந்தான் கேக்கும். யாரோட சண்டை, எதுக்காகச் சண்டைன்னெல்லாம் தெரியாது."

ஆனால் சீனியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது போலத்தான் இருந்தது. புருசன் வாசலில் வந்து நின்றதும் பெண்டாட்டிக்கு ஈரக்குலை நடுங்குகிறது. இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

அன்று மத்தியானம் கேன்டீனில் தம்பிக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தாள். அவளுக்கு ஒன்பது வயசானபோது பிறந்தவன். அம்மா ஆலைக்குப் போனால் இவள் இடுப்பில்தான் கிடப்பான். அப்பா வெடி ஆலையில் மருந்துக்கலவை அறையோடு போனபோது, எரிந்த செருப்பை வைத்து அடையாளம் காட்டியவனும் அவன்தான். அன்றைக்கு வந்த வைராக்கியம், ஊரே பட்டாசு வேலைக்குப் போனாலும் இவன் லாரிக்குப் போனான். வீட்டு வாசப்படியை வெடிமருந்து தாண்டக் கூடாது என்று பெண்டாட்டியிடமும் சத்தியம் வாங்கியிருந்தான். இவனா தீ வைப்பான்?

"ஒரு நா முந்தியே லோடு எறக்கிட்டு வந்துட்டேன்க்கா. நல்ல தூக்கம். அடுப்படில அலறுன சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன்." அவன் தீப்பெட்டியைக் குலுக்கினான். "ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. சிலிண்டர் அப்படியே இருக்கு. அடுப்பும் அப்படியே இருக்கு. பெறகு எதுக்கா வெடிச்சிச்சு?"

சீனியம்மாளுக்கு டீ கசந்தது. போலீசும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. கேட்கப்போகிற கேள்வியை முன்கூட்டியே தானே கேட்டுவைக்கிறானோ?

"என்னைய ஏன்க்கா அப்படிப் பாக்க?"

"ஒண்ணுமில்ல. சாப்புட்டியா?"

"எறங்க மாட்டேங்குது. அவ கண்ணு முழிச்சிட்டான்னா போதும், வீட்டுக்குப் போயி கொல்லையில தொட்டி மேல உக்காந்து நிம்மதியா ஒரு பீடி குடிச்சிருவேன்." சொல்லும்போதே அவன் கண் கலங்கியது. அது அப்பா காலத்துச் சிமெண்டுத் தொட்டி. விரிசல் விட்டுத் தண்ணீர் நிற்காமல் போய்ப் பல வருசம். மேலே பலகையைப் போட்டு அப்பா உட்காருவார், துண்டுப் பீடியைப் பலகை இடுக்கு வழியாக உள்ளே போடுவார். அப்பாவுக்குப் பிறகு இவன்.

நடிக்கிறானா? தன் கையால் சோறு ஊட்டிய பிள்ளை நடிக்கிறானா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாமல் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பது பெரிய கொடுமை. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

வார்டு வாசலில் இன்ஸ்பெக்டர் அமலி காத்திருந்தார். ஆஸ்பத்திரிப் போலீஸ் அறையில்தான் அவருக்கு வேலை. தீக்காய வார்டில் வருசக்கணக்காகப் பெண்களின் வாக்குமூலங்களைக் கேட்டுக் கேட்டுக் குரலில் ஈரம் வற்றிப்போயிருந்தது.

"பட்டை போட்டியாமே. அவன் வந்து நின்னப்போ உனக்கு என்ன வந்துச்சு?"

"வலிதான்."

"ஏம்மா, பெஞ்சுல இருந்த மத்தவங்க பாத்திருக்காங்க. அவன் வாசலுக்கு வந்ததும் நீ வெளிறிப் போயிட்டியாம். பட்டையில வந்ததை எந்தக் கோர்ட்டும் ஒத்துக்காது, நீ வாயால சொன்னா ஒத்துக்கும். அந்த வீட்டு அடுப்படியில மண்ணெண்ணெய் கேன் கெடந்துச்சு, தெரியுமா?"

எந்த வீட்டு அடுப்படியில்தான் பழைய மண்ணெண்ணெய் கேன் கிடக்கவில்லை? போலீஸ் அந்தக் கேனைத்தான் தேடிப் போனது, அது கிடைத்ததும் திரும்பிவிட்டது. ஆனால் சீனியம்மாள் அப்போது அதையெல்லாம் யோசிக்கும் நிலையில் இல்லை. "என் தம்பி மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். சொன்ன குரல் அவளுக்கே அன்னியமாக இருந்தது.

மறுநாள் காலை மறுபடியும் பட்டை. வலி நேற்றுப் போலத்தான், ஆனால் இன்றைக்கு அவளுக்கு வலியைவிடப் பின்னால் வரப்போகிறதுதான் பெரிதாக இருந்தது. கட்டுப் போட்டு முடிந்ததும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி வராமல் இருக்க வேண்டுமே என்று குலசாமியை வேண்டினாள். அப்படி வேண்டிக்கொள்ள நேர்ந்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவன் வந்தான். கையில் தீப்பெட்டி கலகலத்தது. இந்த முறை உள்ளேயே வந்து, கட்டில் பக்கத்தில் குனிந்து, "முனீசு, நான் வந்திருக்கேன்" என்றான்.

பயம் அவளைத் தூக்கி அடித்தது. நெஞ்சு உலக்கை போல இடித்தது, வாயில் எச்சில் வற்றியது. செத்துவிடப் போகிறோம், எல்லாரும் செத்துவிடப் போகிறோம் என்றது உடம்பு. மூச்சு இயந்திரம் கூவ ஆரம்பித்தது. கட்டுத்துணிக்குள் முனீஸ்வரியின் உடம்பு விலுக் விலுக்கென்று துடித்தது.

"அவனை வெளியே அனுப்புங்க!" என்று சீனியம்மாள் கத்தினாள். "டாக்டரம்மா, அவனை உள்ள விடாதீங்க! இவ கிட்டயே அவனை விடாதீங்க!"

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. குருசாமி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும். அவன் முகத்தில் கோபம் இல்லை, எதுவுமே இல்லை.

"நீயுமாக்கா?" என்றான்.

பச்சை அங்கியைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு, "நான் ஊருக்குப் போறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். தீ விபத்தன்று ஆம்புலன்ஸில் ஏறியவன். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கமே போகவில்லை.

அவன் போய் வெகுநேரம் ஆகியும் முனீஸ்வரி அடங்கவில்லை. டாக்டர் மருந்தைக் கூட்டிப் பார்த்தாள், பட்டையை இன்னும் கொஞ்சம் வைத்திருக்கச் சொன்னாள். பயம் தணிந்து தணிந்து, கடைசியில் அடுப்பில் கங்கு கிடப்பது மாதிரி அடியில் கிடந்தது.

பக்கத்துக் கட்டிலில் கஞ்சிப் பானை கொட்டிய ஒரு பெரியவர். அவரைப் பார்க்க வந்த மருமகன் கிளம்பும்போது சட்டைப்பையைத் தடவித் தீப்பெட்டியை எடுத்தான். குச்சி இருக்கிறதா என்று காதருகே வைத்து ஆட்டினான்.

பயம் கங்கில் எரிமருந்து பட்டது போல மேலே வந்தது.

சீனியம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வாசலைப் பார்த்தாள், தம்பி இல்லை. யாருமே இல்லை. "ஏங்க, வார்டுக்குள்ள தீப்பெட்டியை எடுக்காதீங்க, வெளியே போங்க" என்று நர்ஸ் அந்த மருமகனை விரட்டிக்கொண்டிருந்தாள். அவன் போனான். பயம் இறங்கியது.

முனீஸ்வரிக்குக் கண் தெரியாது. வாசனை தெரியாது, மூச்சே குழாய் வழியாகத்தான். காது மட்டும்தான் கேட்கும். நேற்றும் இன்றும் அந்தக் காதில் விழுந்தது புருசன் மட்டுமா?

அவன் குலுக்கிய தீப்பெட்டியும்தான். அவர்கள் பக்கத்தில் தீப்பெட்டிச் சத்தத்துக்கு இப்படி நடுங்குகிற வீடு ஒன்றுதான் உண்டு. வெடிமருந்து இருக்கிற வீடு.

அவள் கட்டில் அருகே மண்டி போட்டு, கட்டுத்துணிக்கு வெளியே தெரிந்த காதின் அருகில் வாயை வைத்தாள்.

"முனீசு, நான் மதினி. ஒனக்குப் பேச வேண்டாம். நான் கேக்கேன், நீ பயந்தாப் போதும், எனக்குத் தெரிஞ்சிரும். வீட்டுல மருந்து வச்சிருக்கியா?"

வயிறு கிணற்றுக்குள் இறங்கியது.

"கருந்திரியா?"

கருந்திரி என்றால் நூலில் மருந்து தடவிக் காயவைத்த திரி. பட்டாசுக்கு அதுதான் உயிர். ஆலைக்கு வெளியே செய்தால் ஜெயில், அதனால்தான் வீடுகளில் திருட்டுத்தனமாகச் செய்யச் சொல்லி ஏஜெண்டுகள் நூலையும் மருந்தையும் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். சீனியம்மாள் அந்த வார்த்தையைச் சொல்லி முடிக்கவில்லை, பல் கிட்டிக்கொள்ளும் அளவுக்குப் பயம் வந்தது.

எல்லாம் விளங்கிவிட்டது. புருசன் லாரியில் போயிருக்கும் நாட்களில் இவள் கட்டுக்கட்டாகச் செய்திருக்கிறாள். அன்றைக்குப் பார்த்து அவன் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டான். அவசர அவசரமாக ஒளித்திருக்கிறாள், அடுப்படியில் இருந்த ஒரு திரிக்கட்டின் மேல் தீப்பொறி பட்டிருக்கிறது. ஜெயிலுக்கும் சத்தியத்துக்கும் பயந்து அடுப்பு என்று ஒரு பொய். அந்தப் பொய் தன் புருசன் கழுத்துக்கே கயிறாகும் என்று அந்த எரிச்சலில் அவளுக்குத் தோன்றியிருக்காது.

"மிச்சம் எங்க கெடக்கு? அடுப்படியிலயா?" பயம் கொஞ்சம் இறங்கியது. "பரண்லயா?" இன்னும் இறங்கியது. "கொல்லையிலயா?"

ஏறியது.

சீனியம்மாளுக்குக் கேட்கவே துணிவில்லை. பதில் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

"தொட்டிக்குள்ளயா?"

அப்படி ஒரு பயத்தை அவள் பிறந்ததிலிருந்து அறிந்ததில்லை. இது அவனுக்குப் பயந்த பயம் இல்லை. அவனுக்காகப் பயந்த பயம். வாயில்லாமல் கிடந்தபடி இரண்டு நாளாக ஒருத்தி கத்திக்கொண்டிருந்திருக்கிறாள், அது தன் ஒருத்தி காதில்தான் விழுந்தது, அதையும் தப்பாகக் கேட்டு அவனை அந்தத் தொட்டிக்கே அனுப்பிவைத்தாயிற்று.

பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனை எடுத்தாள். தம்பியின் எண் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. ஆஸ்பத்திரி வராண்டாவில் கிடந்தவன் எங்கே போய்ச் சார்ஜ் போடுவான்? மறுபடியும் அடித்தாள். அதே பெண், அதே நிதானம். ஊரில் யாரைக் கூப்பிடுவது? பகலில் ஊரே ஆலையில் இருக்கும், ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அவன் புறப்பட்ட பஸ் இந்நேரம் பாதி வழி தாண்டியிருக்கும்.

இன்ஸ்பெக்டர் அமலியின் அறைக்கு ஓடினாள். ஓடும்போதே யோசித்தாள். மருந்து இருக்கிறது என்று சொன்னால் என்ன நடக்கும்? உனக்கு எப்படித் தெரியும் என்பார். பட்டையில் வந்தது என்றால் சிரிப்பார். தீயணைப்பு வண்டி, தாசில்தார், பெர்மிஷன் என்று ஆரம்பிக்கும். அதற்குள் அவன் தொட்டி மேல் உட்கார்ந்துவிடுவான். போலீஸ் உடனே ஓடுகிற வார்த்தை ஒன்றுதான் இருக்கிறது.

வாசலைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றாள்.

"அவன்தாம்மா வச்சான்."

அமலி பேனாவை மூடினார். "என்ன சொல்ற?"

"என் தம்பிதான் தீ வச்சான். எனக்குத் தெரியும். எழுதித் தாரேன், கைநாட்டு வைக்கச் சொன்னாலும் வைக்கேன். ஊருக்குப் போயிட்டிருக்கான், தடயத்தை அழிக்கத்தான் போறான். வீட்டுக்குள்ள போறதுக்கு முந்தி அவனைப் புடிங்கம்மா. கொல்லைப்பக்கம் போகவே விடாதீங்க!"

அதற்கு மேல் அமலி ஒன்றும் கேட்கவில்லை. ஒயர்லெஸ்ஸை எடுத்தார். பேர், அடையாளம், ஊர், பஸ் என்று கேட்கக் கேட்கச் சீனியம்மாள் சொன்னாள். நீல நிறச் சட்டை, விரலில் கட்டு, இடது புருவத்தில் தழும்பு. அந்தத் தழும்பு சின்ன வயசில் அவள் இடுப்பிலிருந்து அவன் நழுவி விழுந்தபோது ஏற்பட்டது. பிறகு இருவரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெட்டி கரகரத்தது, யார் யாரோ எங்கெங்கோ நடந்த விபத்தைப் பற்றிப் பேசினார்கள். வெடிச் சத்தம் என்ற வார்த்தை வந்துவிடுமோ என்று ஒவ்வொரு கரகரப்புக்கும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கடைசியில் ஒரு ஆண் குரல், "அம்மா, ஆள் கெடைச்சிட்டான்" என்றது.

"எங்க வச்சு?"

"வீட்டுக் கொல்லைக் கதவைத் தெறந்துக்கிட்டிருந்தான். ஒண்ணும் எதுக்கல. வாயில பீடி இருந்துச்சு, பத்த வைக்கல. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறோம்."

சீனியம்மாள் மேசையில் தலையைக் கவிழ்த்து, ஒப்பாரி வைப்பது போல வாய்விட்டு அழுதாள். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தீப்பெட்டியை வாங்கி வச்சுக்கச் சொல்லுங்க" என்றாள். "அந்தத் தொட்டிக்குள்ள கருந்திரி கெடக்கு. இப்ப நெதானமா ஆளை அனுப்புங்க. தம்பி ஒண்ணும் செய்யல. நான் சொன்னது பூராவும் பொய்."

அமலி ஒயர்லெஸ்ஸில் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பினார். "பொய்ச் சாட்சிக்கு உன்னை உள்ளே தூக்கிப் போடலாம், தெரியுமா?" என்றார்.

"போடுங்க" என்றாள் சீனியம்மாள். அவளுக்கு அப்போது எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

தொட்டியிலிருந்து மூட்டை மூட்டையாக எடுத்தார்கள். எடுக்க வந்தவர்கள் சருகைத் தொடுவது போல மெதுவாகத் தொட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துப் போனார்கள். முனீஸ்வரி பேரில் வழக்கு. கட்டிலருகே ஒரு பெண் போலீஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். நகர முடியாதவளுக்குக் காவல். மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுப் போன ஏஜெண்ட் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை, வழக்கம்போல.

அடுத்த நாள் கட்டு மாற்றும் நேரத்துக்குச் சீனியம்மாள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பட்டையை எடுத்தபோது வார்டு வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. தீப்பெட்டிச் சத்தம் இல்லை. குருசாமி நின்றிருந்தான். இரவெல்லாம் லாக்கப்பில் இருந்த சட்டை, கசங்கிய முகம்.

அவளுக்குப் பயம் வந்தது. அடிவயிற்றிலிருந்து, நிஜமாகவே வந்தது. "டாக்டர், நிறுத்துங்க, இவளுக்கு இன்னும் பயம் தெளியல" என்று குழறினாள்.

"நீங்க இன்னும் பட்டையே கட்டலயேம்மா" என்றாள் டாக்டர் நசீமா.

சீனியம்மாள் கையைப் பார்த்தாள். பட்டை மடியில்தான் கிடந்தது.

குருசாமி நேராக வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றான். அவனுக்கு என்னவெல்லாம் சொன்னார்கள், எவ்வளவு விளங்கியது என்று அவன் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. ஏதாவது திட்டு, ஒரு வார்த்தை, கன்னத்தில் ஒன்று, எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக அவள் உட்கார்ந்திருந்தாள்.

"தள்ளி உக்காருக்கா" என்றான்.

தள்ளி உட்கார்ந்தாள். அவன் அவள் மடியிலிருந்து பட்டையை எடுத்தான். "என் மேல விசாரணை முடிஞ்சிருச்சு டாக்டர். இப்ப நான் போடலாம்ல?"

வலிப் பெஞ்சில் ஓர் ஆண் உட்காருவதை மற்றப் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். நர்ஸ் முதல் சுற்றைப் பிரித்தாள். லாரி ஓட்டுகிற அந்தக் கை, கட்டுப் போட்ட விரல்களோடு, பக்கத்தில் இருந்த அக்காவின் கையைத் தேடிப் பிடித்து நெரித்தது. அவள் கண்ணாடி வளையல் ஒன்று நொறுங்கியது. அவன் கத்தவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தது.

"பயப்படுதாக்கா" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "எம்புட்டுப் பயம்! எதுக்கு இப்படிப் பயப்படுதான்னு தெரியலயே."

"ஒனக்குத்தான்டா" என்றாள் சீனியம்மாள். "சத்தியத்தை மீறிட்டாள்ல. நீ என்ன சொல்லுவியோன்னு."

அவன் கட்டில் பக்கம் குனிந்தான். அந்தக் காதருகே வாயை வைத்தான்.

"முனீசு, நான்தான். என்கிட்ட தீப்பெட்டி இல்ல. தொட்டியில இருந்த எல்லாத்தையும் எடுத்தாச்சு. விரிசலைச் சிமெண்டு வச்சு அடைச்சு, தண்ணி ரொப்பி வைக்கேன். நீ வந்து பாரு. நான் ஒண்ணும் சொல்லல. ஒண்ணுமே சொல்ல மாட்டேன்."

நர்ஸ் அடுத்த சுற்றைப் பிரித்தாள். அவன் உடம்பு ஒரு தரம் வில்லாக வளைந்தது, பிறகு தோள் மெல்லத் தளர்ந்தது. சீனியம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா" என்றான். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "இப்ப வெறும் வலிதான்."